டப்பா எண் 117

இடது கையில் பட்டையைச் சுற்றிக்
காற்றடிக்கிறாள் ஹெலன் பிரேமா.
ஐந்து நிமிஷம் ரத்தம் நிற்கும்,
அசையாதீங்க முனிரத்தினம் சார்.
அசைந்து எங்கே போவது,
தொண்ணூற்றேழு கிலோ.
பாபு ராவ் தெரு லாட்ஜில்
பதினெட்டு வருஷம் உட்கார்ந்து வந்த எடை:
கொல்கத்தாவிலிருந்து ஃபைலோடு வருகிறவர்களுக்குச்
சாவி கொடுத்து, பக்கெட் கொடுத்து,
"லிஃப்ட் நேய்" என்று அவர்கள் மொழியிலேயே சொல்லி,
மூச்சு வாங்கி அவர்கள் படியேறுவதைப்
பார்த்துக்கொண்டே பஜ்ஜி தின்று.

திரையில் என் ரத்தக்குழாய்.
இரண்டு வெள்ளைக் கரை, நடுவில் கறுப்பு.
கோடைப் பாலாற்றில்கூட இதைவிடத் தண்ணீர் ஓடும் என்றேன்.
அளவெடுக்கும்போது ஹெலன் சிரிப்பதில்லை.

எண்பத்து நான்கு கேப்ஸ்யூல், நாளைக்கு ஒன்று.
உள்ளே நெல்லிக்காய், திராட்சை விதை,
கத்தரித் தோலின் ஊதா இருக்கலாம்.
வெறும் மாவாகவும் இருக்கலாம்.
எனக்கும் தெரியாது, கொடுத்தவளுக்கும் தெரியாது.
சாப்பாட்டை மாற்றாதீங்க, புதுசா நடக்கத் தொடங்கிடாதீங்க,
கணக்கு கெட்டுவிடும் என்றார்கள்.
இதைவிட லேசான கட்டளை
எனக்கு யாரும் போட்டதில்லை.

கஸ்தூரி ஒன்றை எடுத்து
டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.
இலவம்பாடி முள்ளுக்கத்தரி விக்கிற விலைக்கு
இதுல போட்டு அரைப்பானுங்களா?

முதல் நாள் அவளும்தான் வந்தாள்.
எடை சரி, வயது சரி, சர்க்கரை சரியில்லை.
பெயரை அடித்துவிட்டார்கள்.
பஸ்ஸில் காட்பாடி வரைக்கும்
ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து
ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படை அவளுக்கு.
யார் தொடங்கியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
சாதத்துக்குப் பக்கத்தில் இருந்தது,
அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.
முப்பத்தொன்று வந்த மாதத்தில்
எனக்கு இரண்டு நாள் சேர்ந்து விழுந்தது.
அதில் ஒன்றையும் அவளுக்கே கொடுத்தேன்.

இன்று டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன்.
ஒன்றும் மிச்சமில்லை.
கட்டத்தில் நூறு என்று எழுதினாள் ஹெலன்.
உங்களை மாதிரி ஒழுங்கா சாப்பிட்டவங்க இல்லை சார்.

பட்டை தளர்கிறது.
விரல் நுனிவரை சூடாக ஓடுகிறது,
அந்த நவம்பரில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று
வேலையைப் போட்டுவிட்டு ஊரே பாலத்தில் நின்றோமே,
அப்படி.
கறுப்பு விரிகிறது, போன தடவைக்கு ஒரு நூலிழை கூட.
நல்லா திறக்குதே என்று சொல்லிவிட்டு
சொல்லியிருக்கக் கூடாது என்று உதட்டைக் கடிக்கிறாள்.

மாவென்றால் பாதி மாவுக்கே திறந்திருக்கிறது.
மருந்தென்றால்
மீதிப் பாதி யாரும் அளக்காத ஒரு கைக்குள்
இந்நேரம் குடத்தோடு
மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.
ஜெல் ஒட்டும், துடைச்சுக்கோங்க என்று
காகிதம் கிழித்துக் கொடுத்தாள்.
துடைத்தேன்.
வெளியே நூற்றுப் பதினெட்டு உட்கார்ந்திருந்தார்,
சட்டைக் கையை முன்னமே மடித்துவிட்டு.