தேடுபொறி

எங்கள் வீட்டில் பொறி என்றால் அது எலிக்கு.
அண்ணன் பட்டறையில் பொறி என்றால்
வெல்டிங்கில் தெறித்துச் சட்டையில் ஓட்டை போடுவது.
மூன்றாவதாக ஒன்று உண்டென்று
அவனுக்குப் புரியவைக்க
பூசை முடிந்த ஞாயிற்று மதியம் முழுக்கப் போயிற்று.

ஏற்காட்டு மலைப்பாதையில்
பதின்மூன்றாம் கொண்டை ஊசி வளைவுக்கு மேல்
ராயப்பன் மெக்கானிக் கடை திறந்து ஐம்பத்தொரு நாள்.
குரங்குகளுக்குத் தெரியும்.
பஸ் கண்டக்டர்களுக்குத் தெரியும்.
கூகுளுக்குத் தெரியாது.

நான் சூரமங்கலத்தில் கூரியர் ஆபீஸில் இருக்கிறேன்.
முகவரி சரியில்லாத பொட்டலம்
எங்கே போய்ச் சேரும் என்று தெரியும்:
மூலையில் ஒரு சாக்கு.
அதனால்தான் பயம்.

ராத்திரி உட்கார்ந்து வலையில் அவன் பெயரை ஏற்றினேன்.
வழி, எண், நேரம், எல்லாவற்றையும் பட்டியல் போட்டு
மனுவைப் போல ஒப்படைத்தேன்.
"ஒரு சிலந்தி வரும், நூல் பிடித்து நூல் பிடித்து.
படித்துவிட்டுப் போய்ச் சொல்லும்" என்றேன்.
அன்றிலிருந்து அண்ணன்
பெயர்ப்பலகை மூலையிலிருக்கும் ஒட்டடையை அடிப்பதில்லை.
கேலியா நம்பிக்கையா, நான் கேட்கவில்லை.

பத்தாம் நாள் பதில்:
கண்டறியப்பட்டது. இன்னும் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை.
வாசலில் நின்று பெயர் கேட்டு,
பேனா எழுதவில்லை என்று உதறிப் பார்த்து,
அடுத்த தெருவுக்குப் போய்விட்ட
கணக்கெடுப்பு வாத்தியார் மாதிரி.

நாலு பேர் நம்மைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டுமாம்.
நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தே
பாவாடை நீளம் அளந்து வளர்ந்தவள் நான்.
இப்போது அந்த நாலு பேரைத் தேடி
பஸ் ஏறினேன்.

நாகலூரில் அறை வாடகைக்கு விடும் ஜெபமணி டீச்சர்
'வரும் வழி' என்பதன் கீழ் ஒரு வரி சேர்த்தார்.
அடிவாரத்தில் வாடகை பைக் விடும் இம்தியாஸும் சேர்த்தான்,
மெக்கானிக்கில் ஒரு க்-ஐ விழுங்கிவிட்டு.
மிளகு விற்கும் வெள்ளச்சி
தன் படங்களுக்கு அடியில் போட்டாள்;
கைம்மாறாக ஸ்கூட்டிக்கு ஒரு கிளட்ச் கேபிள்.
நாலாவது ஆள் கிடைக்கவேயில்லை.

அப்புறம் சொற்கள்.
பலகையில் அண்ணன் எழுதி வைத்திருப்பது
'நவீன வாகனப் பராமரிப்பு நிலையம்'.
இறக்கத்தில், மிதித்த கட்டை மேலே வராதபோது
எவன் 'பராமரிப்பு' என்று தட்டுவான்?
வர்றவங்க என்னதான் சொல்லுவாங்க, என்றேன்.
ஸ்பேனரைத் துடைத்தபடி யோசித்தான்.
"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பொண்டாட்டிதான் திட்டும்."
கொஞ்சம் கழித்து,
"பிரேக் புடிக்கல. கருகுற வாசம். சக்கரத்துல புகை.
என்னமோ ஆயிடுச்சுண்ணே."
அப்படியே எழுதினேன், கொச்சையோடு.
ஏற்காடு, ஏர்காடு, எற்காடு என்று
ஒரு ஊரை மூன்று ஊராகவும் எழுதினேன்.

சனிக்கிழமை, தூறலும் பனியுமாக ஒன்பது மணி.
நாமக்கல் குடும்பம் ஒன்று
ஒற்றைக் கோடு சிக்னலில்
'கருகுர வாசம் எர்காடு' என்று தட்டி
எண்ணைப் பிடித்திருக்கிறது.
எங்கே இருக்கீங்க, எங்கே இருக்கீங்க என்று
அவர்களும் கேட்க, இவனும் கேட்க,
குரல் போனில் ஒரு தரமும்
காற்றில் ஒரு தரமுமாக வந்ததாம்.
கடைக்கு நேர் கீழே, அடுத்த வளைவில் நின்றிருக்கிறார்கள்.
தாண்டித்தான் வந்திருக்கிறார்கள்.
"தலையத் தூக்குங்க" என்றானாம், "பல்பு தெரியுதா?"

அவன் போனை வைத்ததும் போய்ப் பார்த்தேன்.
இன்னும் சேர்க்கப்படவில்லை என்றே இருந்தது.
எந்த நூலைப் பிடித்து வந்தார்களோ,
டீச்சருடையதோ,
ஒரு க் குறைந்ததோ.

சாக்கில் இன்றைக்கு ஏழு பொட்டலம்.
ஒன்றின் மேல்
'செவ்வாய்ப்பேட்டை, கொலுசுக்காரர் வீட்டுக்கு எதிர்வீடு'
என்று மட்டும் இருக்கிறது.
அங்கே எந்த வீடு கொலுசுக்காரர் வீடில்லை.
காலையில் போய் நாலு பேரைக் கேட்கணும்.