மழையில் ஒருமுறை

வெயிலில் நான்கு முறை பார்த்தாயிற்று.
மழையில் ஒருமுறை பார்த்துவிடு என்றாள்
செவ்வாய்ப்பேட்டை மண்டியில்
என்னோடு கணக்கெழுதும் பர்வீன்.
அவள் வாங்கிய வீட்டில்
பீரோவுக்குப் பின்னால் காளான் முளைத்ததாம்.

ஐப்பசி. கன்னங்குறிச்சி.
ஏற்காட்டு மலை இருந்த இடத்தில் வெறும் கறுப்பு.
மூக்கனேரிப் பக்கம் தவளைகள்.
இளவரசுக்கு நைட் ஷிப்ட்.
டிரான்ஸ்பார்மருக்கு இப்பால் ஸ்கூட்டியை நிறுத்தி
எதிர்க்கடை ஷட்டரோரம் ஒதுங்கினேன்
களவாணி போல,
பையில் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றோடு.

அது எனக்கு மனப்பாடம்.
தொண்ணூற்றெட்டில் கிரயம்.
இரண்டாயிரத்து நாலில் அடமானம், ஏழில் ரசீது.
பதினொன்றில் மறுபடி அடமானம்.
ரசீது வர ஒன்பது வருஷம்.
எதற்காக வாங்கிய கடன்
என்று எழுத அதில் கட்டம் இல்லை.

எங்களிடமும் ஒரு தாள் இருக்கிறது.
தள்ளி எடுத்த சீட்டு,
கொலுசு தவிர என் நகை எல்லாம்,
பி.எஃப். பணம்,
மச்சினர் தருகிறேன் என்று சொல்லி
சொல்லிக்கொண்டே இருப்பது.
கூட்டினால் வீடு வருகிறது,
பத்திரச் செலவு வரவில்லை.
எத்தனை முறை கூட்டினாலும்
எழுபதாயிரம் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

ஜன்னலில் அந்தம்மா தெரிந்தார்.
கையில் குண்டான்.
பிறகு வாளி.
பிறகு இட்லிப் பானையின் மூடி.
மூன்று ஒழுகல், எண்ணிக்கொண்டேன்.
ஒன்றுக்கு முப்பதென்றால் தொண்ணூறு.
எழுபது போக இருபது மிச்சம்,
அதில் ஜன்னல்களுக்குத் துணி,
சமையலறைக்கு ஒரு சிம்னி கூட...
தலை நனைய நனைய
மனசு சுறுசுறுப்பாய்ப் பெருக்கியது.

கேட் திறந்தது.
"உள்ள வா. சளி பிடிக்கும்.
போன வாரம் ஒருத்தர் வந்தார்,
அவரும் அதே ஷட்டர்கிட்டதான் நின்னார்.
குடையாவது கொண்டுவந்திருந்தார்."

துண்டு கொடுத்தார் சௌடேஸ்வரி.
காபி போடவில்லை, பால் இல்லையாம்.
எது எந்த ஒழுகலுக்கு என்று காட்டினார்:
மூடி போதும் இதுக்கு, மெதுவா வரும்,
வாளியை மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு மாத்தணும்.
பிறகு உள்ளறைக்குக் கூட்டிப்போய்
கட்டிலை முழங்காலால் நகர்த்தினார்.
"இது நாலாவது.
தெருவுல நின்னா தெரியாது."

தரையில் டைல்ஸ் நிறம் மாறி ஒரு வட்டம்,
ஒரு தட்டளவு.
நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை.
மறுநாள் போனில் கேட்டேன்.

அறுபது குறைத்தார்.
மீதிப் பத்தாயிரம்
இன்னும் வெளியேதான் நிற்கிறது,
நனைந்துகொண்டு.