முட்டி மட்டும்

தாஸ்கோவில் தடுக்கி விழுந்தால் வெள்ளிக்கடை.
அத்தனையும் தாண்டி என் படியேறி வந்தார்
எலூத்தேரியோ, வேன் ஓட்டுகிறவர்,
படிக்கு ஒரு முனகலாக.

"புனிதருக்கு நேர்ந்திருக்கிறேன், ஒத்தீலியா.
இடது முட்டி ஒன்று வேண்டும்."

என் சுவரில் கால்கள் தொங்குகின்றன,
ஜோடி ஜோடியாய்க் கண்கள், இதயங்கள்,
சினை பிடிக்காத பசு ஒன்றுகூட.
காலை எடுத்துக்கொள்ளுங்கள்,
முட்டி அதிலேயே இருக்கிறது என்றேன்.
"மீதிக் கால் நன்றாகத்தானே இருக்கிறது.
அதையும் காட்டி அவரைக் குழப்புவானேன்?"
கிளட்ச் மிதித்தே தேய்ந்த முட்டி.
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

காலில்லாத முட்டிக்கு
எங்கே ஆரம்பம்?
கதவைச் சாத்தி, பாவாடையைத் தூக்கி,
என்னுடையதைப் பார்த்தேன்.
மடக்கினால் பெட்டியின் மூலை.
நீட்டினால்
தூங்கும் குழந்தையின் முகம்:
இரண்டு கன்னம், ஒரு மோவாய்.
நாற்பத்தாறு வருடம் கூடவே இருந்துவிட்டு
இன்றைக்குத்தான் முகம் காட்டுகிறது.

தகட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு.
தீயில் அது மறைந்தால்
வெள்ளி இளகிவிட்டது என்று கணக்கு.
தண்ணீரில் ஒரு சீறல்.
அரக்குக் கிண்ணத்தில் குப்புறப் படுக்கவைத்து
முதுகிலிருந்து தட்ட வேண்டும்.
இங்கே குழித்தால் அங்கே மேடு,
இங்கே இடது என்றால் அங்கே வலது.
இருபது வருடத் தொழில்; அன்று பார்த்து மறந்துபோய்
வலது முட்டி செய்துவைத்தேன்.
உருளைக்கிழங்கு மாதிரி வேறு இருந்தது.

அடுத்தது நன்றாக எழும்பியது.
டொக் டொக்கென்ற சத்தம்
டிங்கென்று கறாரானதைக் கேட்டேன்.
தகடு விறைத்துவிட்டது, மறுபடி தீ கேட்கிறது,
தெரியும்.
தெரிந்தும், இன்னும் நாலே தட்டு என்று
ஆசைப்பட்டேன்.
கன்னத்துக்கும் மோவாய்க்கும் நடுவே பிளந்தது,
நகக்கீறல் அளவு.

மூன்றாவதற்குத் தகடு வெட்டும்போதே
அவர் வந்து நின்றார்.
பிளந்ததை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.
கீறலில் கட்டைவிரலை வைத்து,
"இங்கேதான்" என்றார்.
"டாக்டர் இரண்டு தடவை படம் எடுத்தார்.
அவருக்குத் தெரியவில்லை."

பற்றவைத்துத் தருகிறேன் என்றேன்.
"அது புனிதர் வேலை."

ஓட்டைக்காக இருபது பெசோ குறைக்கச் சொன்னார்.
குறைக்கவில்லை.

வலது முட்டி ஆணியிலேயே தொங்குகிறது.
நேற்று வெளியூர்ப் பெண் ஒருத்தி
நிலாவா, மேகமா என்று கேட்டு,
காதில் வைத்துப் பார்த்துவிட்டு,
ஜோடி வேண்டும் என்று முன்பணம் தந்துபோனாள்.
இன்னொன்றும் வலதா, இல்லை இடதா என்று
கேட்க விட்டுப்போயிற்று.