அதிகம்

வார்டோவில் பிப்ரவரிப் பகல்
ஒன்பதுக்கு வந்து இரண்டுக்குப் போய்விடும்.
செவ்வாயன்று, விளக்கு வெளிச்சத்தில்,
காட் மீன் முள் ஒன்று
குன்வோரின் கையுறையைத் துளைத்துக்
கட்டைவிரலுக்குள் முறிந்தது.
விரலைச் சப்பித் துப்பிவிட்டு
அடுத்த மீனை இழுத்தாள்.

அவள் மறந்ததை
நகத்துக்கு அடியில், மயிரினும் மெல்லிய குழாயில்
ஓடிக்கொண்டிருந்த ஒன்று
மறக்கவில்லை.
வேகம் குறைத்தது.
சுவரை ஒட்டி உருண்டது.
நின்றது.
கண் கிடையாது, மூக்கும் கிடையாது,
மோப்பம் என்பதைத் தவிர
வேறு சொல் என்னிடம் இல்லை.
மூன்று மணி கோத்தாற்போன்ற உட்கருவை
ஒவ்வொரு மணியாக நெருக்கி
சுவரிடுக்கு வழியே வெளியே பிதுங்கியது.
பின்னால் இன்னொன்று.
பின்னால் ஒரு கூட்டம்.

கிருமி நழுவ, இது வழிந்து தொடர்ந்தது.
அவசரமில்லாத துரத்தல்.
கூழாய் ஒரு கால் நீட்டி
வளைத்து
வாயில்லாமலே விழுங்கியது.
விழுங்கிய இடம் ஒரு சிறு பை.
பைக்குள், உடம்பின் உப்பிலிருந்தே
அது காய்ச்சிக்கொண்டது
குளோரின் கலந்த ஓர் அமிலத்தை:
மாலையில் ஹோஸ் குழாய் பிடித்து
குன்வோர் மீன்கூடத் தரையைக் கழுவுகிற
கிட்டத்தட்ட அதே சரக்கு.

சிலதுக்கு வயிறு போதவில்லை.
அவை தம் உட்கருவையே பிரித்து
நூல்நூலாய் உருவி
வலையாக வீசின.
அந்த ஊரில் வலை வீசுகிறவன்
பெரும்பாலும் கரைக்குத் திரும்பிவிடுவான்.

வியாழன் இரவு விரல் துடித்துத் தூங்கவிடவில்லை.
வெள்ளி காலை சுகாதார நிலையத்தில்
அஸ்லாக் ஒரு கீறல் போட்டான்.
பச்சை பாய்ந்த மஞ்சள்.
"சீ, அழுக்கு" என்றாள்.
வெளியே இன்னும் ஏழு பேர்.
ஒரு துளியைப் பஞ்சில் தொட்டுக் குப்பியில் அடைத்தான்.
மீதியைத் துணியோடு மடித்து
மஞ்சள் வாளியில் போட்டான்.

அந்தப் பச்சை
அமிலம் காய்ச்சிய நொதியின் நிறம்.
அடுப்பில் மிஞ்சிய கரி மாதிரி.

குப்பி விமானத்தில் ட்ரொம்சோ வந்தது, என் மேசைக்கு.
படிவத்தில் பெயர், வயது, தொழில், எந்த விரல்.
மற்றதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது;
அவள் சப்பித் துப்பினாளா, யார் கண்டது.
சாயமேற்றிக் குனிந்து பார்த்தேன்.
இளஞ்சிவப்பாய்ச் செத்துக் கிடந்தார்கள்,
ஒருவர்மேல் ஒருவர்.
சிலர் வயிற்றில் இன்னமும்
ஊதாத் திராட்சைக் கொத்துகள், செரித்தும் செரியாமலும்.
பிறந்து சில நாள்கூட ஆகியிருக்காது.

கிருமிக்கு ஒரு பெயர் எழுத வேண்டும், எழுதினேன்.
இவர்களுக்கு ஒரு கட்டம்தான்:
வெள்ளணுக்கள் — இல்லை, குறைவு, அதிகம்.

தேநீர் ஆறியிருந்தது.
"அதிகம்" என்பதில் குறியிட்டு
அடுத்த குப்பியை எடுத்தேன்.