பச்சைப் பொய்

பதினெட்டுக் கூண்டுகள், கஸ்த்ரோவுக்குத் தெற்கே, கடலில்.
கூண்டுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு பத்தி.
விடியலில் முக்குளிப்பவர்கள் அள்ளிவரும் செத்த சால்மன்களை
வானொலியில் எண்ணாகச் சொல்வார்கள்.
நான் கட்டத்தில் இடுவேன்.
மற்றதை நிறம் பார்த்துக்கொள்ளும்.

விதிகள் மூன்று, நானே எழுதியவை:
நூற்றுக்குக் கீழே என்றால் பச்சை.
இருநூறு வரை மஞ்சள்.
அதற்கு மேல் சிவப்பு, எழுத்து வெள்ளை, தடித்து.
சிவப்பில் கறுப்பு எடுபடவில்லை என்று
ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து திருத்தினேன்.

திரு. ஓப்பஸோவுக்குப் பிடித்துப்போயிற்று.
"இனி எண்ணைப் படிக்கவே வேண்டாம், ஒர்த்தென்சியா"
என்றார். பாராட்டாகத்தான்.

மார்ச்சில் சிவப்பு மிஞ்சிப்போனது.
கடல் சூடேறி, பாசி பூத்து,
மீன்கள் வாய் பிளந்து மேலே மிதந்த வாரம்.
வியாழக்கிழமை பெர்கனிலிருந்து முதலாளிகள் பேசுவார்கள்.
இருநூறை முந்நூற்றைம்பது ஆக்கச் சொன்னார்.
ஆக்கினேன்.
ஒரு மீன்கூடப் பிழைக்கவில்லை,
அட்டவணை மட்டும் தேறிவிட்டது.

மே மாதம் பதினான்காம் கூண்டு
ஐந்து நாளாகப் பச்சை.
ஓப்பஸோ அந்த வரியை வட்டமிட்டு
எல்லோருக்கும் அனுப்பினார்: "இவர்களைப் பாருங்கள்."
நானும் பார்த்தேன்.
பச்சையைத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை சராசரி போடும்போது
எங்கோ ஐந்து நாள் குறைந்தது.
சுட்டியை அந்தக் கட்டத்தில் வைத்தேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
பூஜ்ஜியம்கூட இல்லை.

எக்செல்லின் கணக்கில் வெறுமை பூஜ்ஜியம்;
பூஜ்ஜியம் நூற்றுக்குக் கீழே;
நூற்றுக்குக் கீழே என்றால் பச்சை.
அதைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது,
சொன்னதைச் செய்தது.

வானொலியில் கேட்டேன்: பதினான்கு, ஏன் எண் வரவில்லை?
இரைச்சல் ஓய்ந்ததும் மிதவைச் சமையற்காரி நெல்டா:
"யார் எண்ணுவது?
அபெலார்தோ திங்களன்றே வேகமாக மேலே வந்துவிட்டான்.
ரத்தத்தில் காற்றுக் குமிழி.
பியூர்ட்டோ மான்ட்டில் அழுத்த அறைக்குள் கிடக்கிறான்,
காலில் இன்னும் உணர்ச்சி இல்லை.
உங்களுக்குச் சொல்லவில்லையா?"

சொன்னார்கள்.
ஐந்து முறை,
ஐந்து காலிக் கட்டமாக.

பச்சைத் தண்ணீரில் இருபது மீட்டர் இறங்கி
அழுகலை வலைப்பையில் அள்ளி
பலகையில் ஈரப் பென்சிலால் கோடு கிழித்தவன்.
இரண்டு வருடம் அவன் குரலைக் கேட்டிருக்கிறேன்,
"நூற்றுப் பன்னிரண்டு, ஓவர்" என்பதற்கு மேல்
ஒரு சொல் இல்லை.
நானும் கேட்டதில்லை.
ஒரு தடவை மட்டும் எண்ணுக்குப் பிறகு இருமினான்.

அன்றிரவு நான்காவது விதி எழுதினேன்:
கட்டம் காலியாக இருந்தால் கறுப்பு.
அதை மேலே நகர்த்தினேன், மற்ற மூன்றுக்கும் முன்னால்.
'இது பொருந்தினால் இங்கேயே நில்' என்ற பெட்டியில் குறியிட்டேன்.
கையோடு முந்நூற்றைம்பதையும் பழையபடி இருநூறாக்கினேன்,
அதை யாரும் கேட்கவில்லை.

திங்கள் காலை எட்டேகாலுக்கு அறிக்கை போனது.
எட்டு இருபதுக்குத் தொலைபேசி.
"பதினான்கில் என்ன, மை கொட்டிவிட்டதா?
அழிக்க முடியுமா?"

முடியும் என்றேன்.
உள்ளே ஓர் எண்ணை இட்டால்
கறுப்பு தானாகப் போய்விடும்.

எண்ணத்தான் ஆளில்லை.