நான் எழுதிய மூடுபனி

வியாழக்கிழமைகளில் மூடுபனி இறங்கும்.
வானத்திலிருந்து அல்ல,
என் பேனாவிலிருந்து.

மாகாண சபைத் தலைவர் எய்விண்ட் ஸ்கார்ஸ்டைனுக்கு
ஒன்பது வருடம் கார் ஓட்டினேன்.
கறுப்பு வோல்வோ. பின்சீட்டில் கம்பளிப் போர்வை,
கோப்புகள், இருமல் மிட்டாய்.
பயணத்துக்கு ஒரு வரி பதிவேட்டில் எழுதவேண்டும்:
புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம்,
தாமதம் என்றால் காரணம்.

ஹெல்லோய் தீவில் கூட்டம் ஆறுக்கே முடிந்துவிடும்.
ஏழு மணிப் படகு எங்கள் கண்ணெதிரே வாய் திறந்து
மீன் லாரிகளை விழுங்கி
நார்வேயின் நெடுங்கரைக்குத் திரும்பும்.
நாங்கள் ஏறமாட்டோம்.
மஞ்சள் வீடொன்றின் எதிரே என்ஜினை அணைப்பேன்.
சுன்னிவா, மீன்பண்ணையில் கணக்கு எழுதுபவள்.
ஒருமுறை காருக்கே காபி கொண்டுவந்து தந்தாள்.
சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள்.

பதினொன்றரைப் படகில் திரும்பும்போது
"காரணம் என்ன எழுதட்டும்?" என்றேன், முதல் வாரம்.
கண்ணாடியில் என் கண்ணைத் தவிர்த்துச் சொன்னார்:
"மூடுபனி. ஏழு மணிப் படகு ஓடவில்லை."

அன்று வானம்
கழுவிக் கவிழ்த்த வெண்கலப் பானை.
அக்கரையில் ஒரு நாய் வாலாட்டுவதுகூடத் தெரிந்தது.
எழுதினேன்.

சில இரவுகளில் அவர் மனைவி என்னை அழைப்பார்.
"படகு தாமதமா, தோர்கைர்?"
"ஆமாம், போர்கில்ட்."
"பாவம், அந்தப் படகு" என்பார்.
அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குப் புரிய
நான்கு வருடம் ஆயிற்று.

பிறகு செலவைக் குறைக்க ஒரு குழு வந்தது.
எந்தப் படகு நம்பத்தக்கது, எது இல்லை?
சபையின் பதிவேடுகளையே புரட்டினார்கள்.
நாற்பத்தொரு மூடுபனி
என் கையெழுத்தில், வரிசை பிசகாமல்.

படகோட்டி ஆஸ்பியோர்னை அழைத்தார்கள்.
அவர் தம் பதிவேட்டை மேசைமேல் வைத்தார்:
ஏழு மணி, ஏழு மணி, ஏழு மணி.
ஒரே மாலைக்கு இரண்டு வானம்.
வானிலை நிலையத்தைக் கேட்கலாமே என்றார்
ஓர் இளம் உறுப்பினர்.
தேவையில்லை என்றார் தலைவர், மெல்ல.
பொய்நேரம் எழுதியவர் என்ற பெயரோடு
ஆஸ்பியோர்ன் ஓய்வுபெற்றார், ஆறு வருடம் முன்கூட்டியே.

மாலைப் படகுகள் இரண்டும் ரத்து.
வாக்கெடுப்பில் சுத்தியல் தலைவர் கையில் இருந்தது.
ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நின்றிருக்கும்.
அந்த வாக்கியத்துக்குள்
ஒரு மஞ்சள் வீடு இருந்தது.

முழுப் பூசணிக்காயை மறைக்க
எங்கள் இலைச் சோறு போதவில்லை.
ஊரார் இலையிலிருந்து அள்ளினோம்.

மீன்பண்ணை இரண்டாம் ஷிப்டை நிறுத்தியது.
அக்கரையிலிருந்து வந்த ஆசிரியை வேறு பள்ளி தேடினாள்.
மார்பைப் பிடித்துக்கொண்டு
காலைப் படகுக்குக் காத்திருந்த ஒருவர் உண்டு,
அவர் பெயரைச் சொல்ல எனக்கு வாயில்லை.
பதினொரு வீடுகளில் விற்பனைப் பலகை.
மஞ்சள் வீடு ஏழாவது.

எல்லாம் வெளியே வந்தபோது
தலைவர் கேமராக்கள் முன் அழுதார்.
போர்கில்ட் பக்கத்தில் நின்றார், கோட்டைக் கழற்றாமல்.
அது குடும்ப விஷயம் என்றார்கள் சிலர்,
ஒழுக்கக்கேடு என்றார்கள் சிலர்.
நாடே அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசியது.
படகைப் பற்றி
ஒருவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
இப்போது அவர் ஒரு வங்கியில் ஆலோசகர்.

போன மாதம் பெயின்ட் கடையில் ஆஸ்பியோர்னைப் பார்த்தேன்.
வெள்ளை பெயின்ட், இரண்டு டின்.
ஒன்பது வருடமும் தொண்டைக்கு வந்தது.
"இன்று வானம் தெளிவு" என்றேன்.
அவ்வளவுதான் வந்தது.

அவர் டின்களைக் கீழே வைத்தார்.
கதவைத் திறந்து வெளியே போய்
வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்,
யாரோ எழுதிக்கொடுத்ததைச் சரிபார்ப்பவர்போல.