தொண்ணூற்று மூன்றாவது படம்

குளிர்பெட்டியின் மின்கம்பியை உருவிவிட்டேன்.
அதன் முனகல் நின்றதும்
அடுத்த வீட்டுக் கடிகாரம் வரை கேட்டது.
ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி.
லியெபாயாவில் காற்றை வெளியே நிறுத்துவது
கடன் கேட்டு வரும் மைத்துனனை நிறுத்துவது மாதிரி;
எப்படியும் ஒரு சாவி அதனிடம் இருக்கும்.

மேசைமேல், துணி உலர்த்தும் கிளிப்பின் வாயில்
ஆட்டுத்தாடிச் செடியின் விதைத்தலை.
டிராம் தண்டவாளங்களுக்கு நடுவே பறித்தது.
கேக் டப்பாவைக் கவிழ்த்து மூடி
மூன்று தெரு நடந்து வந்தேன்,
மூச்சைக்கூட மறுபக்கம் திருப்பிக்கொண்டு.

போன வாரம் ஒன்றுக்கு
ஹேர் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன்.
விதைகள் அசையவில்லை, உண்மை.
ஆனால் லென்ஸுக்குள்
ஒவ்வோர் இழையிலும் பசை மணி கோத்திருந்தது.
பார்க்கவே பாவமாக இருந்தது.

இந்த நெருக்கத்தில் தெளிவு என்பது
வெங்காயத்தின் உள்தோல்.
ஒரு படத்தில் ஓர் இழையின் நுனி மட்டும்;
பின்னால் எல்லாம் பால்.
திருகை ஒரு கோடு நகர்த்தினால்
நுனி கரையும், அடுத்தது கரையேறும்.
நூற்று நாற்பது கோடுகள்.
ஒவ்வொரு சொடுக்குக்கும் முன்னால்
ஆறு வரை எண்ணுவேன்,
தரை என்னை மறக்கட்டும் என்று.

பதினொன்று நாற்பதுக்குக் கடைசி டிராம்.
ஓட்டுவது விஸ்வால்டிஸ்.
வீட்டு வளைவில் அவன் திரும்பும்போது
அலமாரிக் கோப்பைகள் ஒன்றையொன்று விசாரிக்கும்.
பதினோரு வருடமாக அதுதான் தகவல்:
டிப்போவில் கையெழுத்திட்டு நடந்து வர அரை மணி.
உருளைக்கிழங்கு வேக அது போதும்.

இன்று சொல்லியிருந்தேன், மெதுவா வா.
"எவ்வளவு மெதுவா?"
"கடைசி இருக்கையில் ஒருத்தி
இப்பத்தான் பிள்ளையைத் தூங்கவைத்தமாதிரி."
"அட்டவணை?" என்றான்.
நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்று இரண்டு.
தண்டவாளம் பேச ஆரம்பித்தது.
நிறுத்தியிருக்கலாம். விரல் கேட்கவில்லை.
தொண்ணூற்று மூன்று.
வந்தான். ஊர்ந்து வந்தான்.
மஞ்சள் வெளிச்சம் கூரையை ஒரு சுற்று சுற்றியது.
கோப்பைகள் வாய் திறந்து, மூடிக்கொண்டன.
விதைத்தலை
அப்படியே.

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டேன்.

ஒன்று போனது.
டிராம் செய்யாததை நான் செய்தேன்.
விரித்த குடையோடு அடுப்பைத் தாண்டி
உப்பு ஜாடிக்குப் பின்னால் இறங்கியது.

மிச்ச நாற்பத்தேழையும் எடுத்தேன், பிடிவாதமாக.
கணினி எல்லாவற்றையும் அடுக்கி
ஒரே நொடிபோல ஒட்டித் தந்தது.
போன விதை அதில் பாதி இருக்கிறது:
முன் இழைகள் கூர்மையாக,
காம்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இருட்டு.
யார் கையும் பிடிக்காமல் நிற்கும் குடை.

அழிக்கவா,
பக்கத்து விதையிடம் காம்பைக் கடன் வாங்கி வரையவா
என்று தடுமாறுகையில்
கதவு திறந்தது.

காலணியைக் கழற்றாமலே திரையருகே குனிந்தான்.
சட்டையில் பிரேக் வாசனை.
"ஜித்ரா, இதில் நான் எங்கே?"

அடுக்கில் சேர்க்காமல் ஒதுக்கிய ஒன்றைத் திறந்தேன்.
தொண்ணூற்று மூன்று. கலங்கிய படம்.
ஒரே ஓர் இழை இரண்டாகத் தெரிந்தது.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."

வெகுநேரம் பார்த்தான்.
"ஒன்றரை நிமிஷம் தாமதம்னு எழுதிட்டாங்க,"
பெருமையா புகாரா, குரலில் தெரியவில்லை.
பிறகு கிழங்கு எங்கே என்றான்.

அடுப்பையே பற்றவைக்கவில்லை நான்.
வெந்நீரின் ஆவிகூட ஒரு காற்றுதான்.
குளிர்பெட்டிக்குள் புகையிட்ட மீன்
தன் முடிவை எடுத்திருந்தது; அறையெங்கும் வாசம்.
அவன் முகம் சுளித்து
மின்கம்பியைச் செருகினான்.

குளிர்பெட்டி உடம்பை உலுக்கி எழுந்தது.
கிளிப்பின் வாயிலிருந்து
மூன்று ஒன்றாகப் போயின.